உளி காய்ச்சும் கைகளுக்கு

செஞ்சி, வந்தவாசி, தேசூர் வட்டாரத்தில் உலை போட்டுப் பிழைக்கும் அண்ணன்மார்களுக்கும், எதிரே நின்று சம்மட்டி ஓங்கும் அக்காமார்களுக்கும், கல் வேலை நடக்கும் இடங்களில் உளி காய்ச்சிக் கொடுப்பவர்களுக்கும், சைக்கிள் கடை, லேத் பட்டறைத் தம்பிகளுக்கும் சீயமங்கலத்திலிருந்து வணக்கம்.

உங்களிடம் ஒரு வேலை கேட்டு எழுதுகிறேன். அரிவாளோ களைக்கொத்தோ கடப்பாரை முனையோ அல்ல. ஒரு விரல் நீளம், அரை விரல் அகலம், ஒரு மில்லிமீட்டர் கனம் உள்ள எஃகுத் துண்டுகள் வேண்டும். கலிம்பா என்ற வாத்தியத்துக்கு அவைதான் நாக்கு.

கலிம்பாவைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்கிற அளவில் ஒரு மரப் பலகை, அல்லது உள்ளே வெற்றிடம் விட்ட சின்னப் பெட்டி. அதன் மேல் உலோக நாக்குகள் வரிசையாகப் பதிந்திருக்கும். கட்டைவிரல் நகத்தால் நுனியை அழுத்தி விட்டால் மணி போல ஒலிக்கும். இணையத்தில் விற்கிற 17 நாக்குக் கலிம்பா இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் கைக்கும் வந்துவிட்டது. பெரும்பாலும் சீனத்தில் செய்தவை. வாங்கிய புதிதில் வீடே ஒலிக்கும். ஒரு மழைக்காலம் போனால் ஏதாவது ஒரு நாக்கில் துரு ஏறும், இன்னொன்று வளைந்து சுருதி இறங்கும். அதோடு கருவி அலமாரிக்குப் போய்விடும். நாக்கு மாற்றித் தர ஊரில் ஆள் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

பெட்டியை எந்தத் தச்சரும் செய்து தந்துவிடுவார். ஆனால் கலிம்பாவின் குரல் பெட்டியில் பிறப்பதில்லை. பெட்டி அதைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். குரல் நாக்கில் இருக்கிறது, நாக்கு கொல்லர் வேலை. நான் சொல்ல வந்தது இதுதான்: இந்தக் கருவியைச் செய்வதற்கான அறிவு நம் வட்டாரத்தில் ஏற்கனவே இருக்கிறது, அது உங்கள் உலையடியில் இருக்கிறது.

இந்தக் கருவி பிறந்த ஆப்பிரிக்காவிலும் அப்படித்தான். ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் இதன் பெரிய உருவத்தை ‘ம்பிரா’ என்கிறார்கள். முன்னோரை அழைக்கும் சடங்குகளில் இரவு முழுக்க வாசிப்பது. இருபதுக்கு மேற்பட்ட நாக்குகள் உண்டு. முற்காலத்தில் மண்ணிலிருந்து தாங்களே உருக்கி எடுத்த இரும்பை அடித்து நாக்கு செய்தார்கள். இன்று அங்கே ம்பிரா செய்கிறவர்கள் பழைய கட்டில் ஸ்பிரிங், சைக்கிள் ஸ்போக்ஸ், பெரிய ஆணி என்று கிடைத்த எஃகையெல்லாம் அடித்துத் தட்டையாக்குகிறார்கள். அவர்கள் பலகைக்கு எடுக்கும் மரத்துக்கு முப்வாமரோபா என்று பெயர். அது நம் வேங்கையின் இனம். வெட்டினால் இரண்டுமே இரத்தம் போலச் சிவந்த பிசின் விடும். நம் வீடுகளில் குழந்தைக்குப் பொட்டு வைக்க மை காய்ச்சியது அந்த வேங்கைப் பிசினில்தான். நல்ல வேங்கைப் பலகையும் நல்ல எஃகு நாக்கும் சேர்ந்தால் ஷோனா கொல்லர் பார்த்து மெச்சுகிற கருவி நம் பக்கமே கிடைக்கும்.

வெள்ளைக்கார ஆட்சியில் மதபோதகர்கள் ம்பிராவைப் பேய் வழிபாட்டுக் கருவி என்று ஒதுக்கி வைத்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஹியூ ட்ரேசி என்பவர் அந்த இசையை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். 1954இல் ஆப்பிரிக்க இசைக்கென்று ஒரு நூலகத்தை நிறுவினார். எல்லா நாட்டுக்காரரும் வாசிக்கும்படி நாக்குகளை மேற்கத்திய சுரங்களுக்குச் சேர்த்து, ‘கலிம்பா’ என்ற பெயரில் விற்பனைக்கும் விட்டார். இன்று பிள்ளைகள் கையில் இருப்பது அதன் வழிவந்தது. 2020இல் யுனெஸ்கோ, ம்பிரா செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் சேர்த்தே மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் ஏற்றியது. செய்கிறவரையும் வாசிக்கிறவரையும் ஒரே வரியில் வைத்ததுதான் அந்த அறிவிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது.

இரும்பு நாக்கு நமக்கும் புதிதல்ல. கர்நாடக இசைக் கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்காரும் முகர்சிங் வேறென்ன? ஓர் இரும்புச் சட்டம், நடுவே ஒரு நாக்கு. பல்லருகே வைத்து விரலால் சுண்டினால் வாய்க்குழியே அதற்குப் பெட்டியாகிறது. மன்னார்குடி நடேச பிள்ளை போன்றவர்கள் அதைக் கச்சேரி மேடையின் மதிப்புக்கு உயர்த்தினார்கள். அதன் சுருதியை இறக்க நாக்கின் நுனியில் துளி மெழுகு ஒட்டுவார்கள். நுனி கனத்தால் நாக்கு மெதுவாக ஆடும், சுருதி இறங்கும்.

நம் கூத்து மேடையிலும் இதே சங்கதி நடக்கிறது. தெருக்கூத்து ஆர்மோனியத்தைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள். பழுது பார்ப்பவர் ஒரு மெல்லிய தகட்டை நாக்கின் அடியில் கொடுத்து, நுனியில் இலேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும். வேர்ப் பக்கம் சுரண்டினால் இறங்கும். கூத்துக்காரர்களின் பெட்டிக்கு இரவோடு இரவாகச் சுருதி சரி செய்து கொடுத்தவர்கள் இந்தப் பக்கம் உண்டு. அவர்கள் கையிலிருந்த இந்த ஒரே விதி கலிம்பா நாக்குக்கும் அப்படியே பொருந்துகிறது.

இனி பட்டறைக் கணக்குக்கு வருகிறேன். வீட்டில் கிடைத்ததையும் காயலான் கடையில் கிடைத்ததையும் வைத்து நாக்கு செய்து பார்த்து வருகிறேன். கண்டதை உங்களுக்குப் பயன்படும்படி சொல்கிறேன்.

நாக்கின் சுருதியைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று கனம், மற்றொன்று, நாக்கைத் தாங்கும் குறுக்குக் கம்பியான குதிரையிலிருந்து நுனி வரை நீட்டிக்கொண்டிருக்கும் நீளம். கனம் இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். நீளம் பாதியானால் இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். அகலத்துக்கும் சுருதிக்கும் சம்பந்தமே இல்லை. அகலம் கூடினால் ஒலி பெருகும், விரலுக்கும் வாகாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் எஃகு நாக்கு 56 மில்லிமீட்டர் நீண்டால் நொடிக்கு ஏறத்தாழ 260 முறை ஆடும். ஆர்மோனியத்தில் நடு ஸ்தாயியின் முதல் கட்டை அது. அதே நாக்கை உள்ளே தள்ளி 40 மில்லிமீட்டர் ஆக்கினால் ஏறத்தாழ 510 முறை. கிட்டத்தட்ட மேல் ஷட்ஜம். ஒரு ஸ்தாயி முழுவதும் அந்த 16 மில்லிமீட்டருக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஐம்பது மில்லிமீட்டர் நாக்கு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே காது கண்டுபிடித்துவிடும்.

இப்போது இரும்பின் சாதி. கட்டுக் கம்பியும் சாதாரண ஆணியும் தட்டையாக அடித்தவுடன் நன்றாகத்தான் ஒலிக்கும். சுருதியும் எஃகுக்கு ஏறக்குறைய அதேதான் வரும். ஆனால் கட்டைவிரல் நாலு முறை அழுத்தினால் வளைந்தபடியே நின்றுவிடும், சுருதி போய்விடும். எஃகு வேண்டுமென்று நான் கேட்பது ஒலிக்காக அல்ல, பிடித்த சுருதி நிற்பதற்காக.

சைக்கிள் ஸ்போக்ஸ் முதல் தேர்வு. நம் ஊர் சைக்கிளின் கம்பி இரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும். பட்டடையில் வைத்துச் சூடாக்காமல் குளிர அடிக்க வேண்டும். சுத்தியின் முகம் வழவழப்பாக இருக்கட்டும், வடு விழுந்த சுத்தி கம்பியிலும் வடு விடும். நுனியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் பாதி மேல் விழும்படி சின்னச் சின்னத் தட்டாக உள்ளே வந்தால் கம்பி சீராகப் பட்டையாகும். ஒரே இடத்தில் பலமாக அடித்தால் ஓரம் வெடித்து மயிரிழை போல ஒரு கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாக்கு ஒலிக்காமல் ‘டொக்’கென்று நின்றுவிடும். அடிக்க அடிக்கக் கம்பி இறுகுவதைச் சுத்தியின் துள்ளலிலேயே உணரலாம். இதைச் செக்கச்சிவக்கக் காய்ச்சினால் அந்த இறுக்கம் முழுவதும் போய், மறுபடி வெறும் கம்பியாகிவிடும். துத்தநாகம் பூசிய ஸ்போக்ஸை உலையில் வைக்கவே கூடாது, அதன் புகை நெஞ்சுக்குக் கெடுதல்.

ஹாக்ஸா பிளேடுக்கு வேறு குணம். ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் கனம் என்பதால் கீழ் சுரங்களுக்கு நல்லது, குறைந்த நீளத்திலேயே ஆழமான ஒலி வரும். முழுக்கக் கடினமாக்கிய பிளேடு வளைத்தால் கண்ணாடி மாதிரித் தெறிக்கும். சாணையில் பல்லைத் தேய்க்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். நீலம் பாய்ந்த இடத்தில் அதன் கடினம் குறைந்துவிடும். குடைக் கம்பி எனக்கு ஒத்து வரவில்லை. அதன் குறுக்கு வெட்டு வாய்க்கால் போல இருப்பதால் விறைத்து நிற்கிறது, தட்டினால் தகரம் போல மெலிந்துவிடுகிறது. கடைகளின் ஷட்டர் சுருட்டும் பட்டை ஸ்பிரிங் உடைந்தால் தூக்கி எறியாதீர்கள். பட்டையாகவே பிறந்த எஃகு அது. நீளவாக்கில் கீறி எடுத்தால் அடிக்கும் வேலை பாதி மிச்சம்.

ஆனால் நான் உங்களிடம் கேட்பது இவை எதுவும் அல்ல. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் நாக்கு வேண்டும். நீங்கள் அரிவாள் அடிக்கிற அதே பட்டை. ஒரு பழைய துண்டை உலையில் வைத்து நீட்டி, ஒரு மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்து, கீற்றாக வெட்டி, பிறகு தோய்ச்சல் போட வேண்டும். வீட்டு முற்றத்தில் என்னால் முடியாதது இதுதான். கல் உளிக்கு நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று பார்த்திருக்கிறேன். சிவந்த முனையை முக்கி எடுத்து, கல்லில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, உள்ளிருக்கும் சூடு முனைக்கு ஏறி வர வர நிறம் மாறுவதைக் கண் இமைக்காமல் பார்ப்பீர்கள். வைக்கோல் மஞ்சள் வந்ததும் மறுபடி முக்கி நிறுத்திவிடுவீர்கள். கல்லோடு மோதும் உளிக்கு அந்தக் கடினம் வேண்டும். நாக்குக்கு அங்கே நிறுத்தக் கூடாது. மஞ்சள் பழுப்பாகி, ஊதாவாகி, நீலம் படரும்வரை விட வேண்டும். நீலத்தில் நின்ற எஃகு வளையும், ஆனால் பழைய இடத்துக்கே திரும்பி வரும். முதல் முக்குக்குத் தண்ணீரைவிட எண்ணெய் நல்லது. ஒரு மில்லிமீட்டர் பட்டை தண்ணீரில் முறுக்கிக்கொள்ளும். வெப்பமானி இல்லாமல் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லும் உங்கள் கண்ணுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது மட்டுமே புதிது.

சீயமங்கலத்துக்காரன் என்பதால் இன்னொன்றும் மனதில் இருக்கிறது. எங்கள் ஊர்க் குகைக் கோயிலை முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்தான். அவனிபாஜன பல்லவேச்சுரம் என்று பெயர். அதன் தூணில் ஆடும் சிவனைக் கல்லில் கிடைத்த மிகப் பழைய நடராச வடிவங்களில் ஒன்று என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதே மன்னன் செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழிப் பக்கத்திலிருக்கும் மண்டகப்பட்டில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணம் இல்லாமல் இந்தக் கோயிலை ஆக்குவித்தேன் என்று கல்வெட்டில் எழுதி வைத்தான். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கருங்கல்லின் ஒவ்வொரு விரற்கடையும் இரும்பு உளி பட்டுத்தான் விலகியது. கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய உளியை அன்றாடம் காய்ச்சி, தோய்ச்சல் போட்டுக் கொடுக்க ஒருவர் பாறை அடியிலேயே உலை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். அரசனின் பட்டப் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. உளி காய்ச்சியவர் பெயர் இல்லை. கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் வழிகாட்டும்போதெல்லாம் அந்தப் பெயரில்லாத உலைக்காரரைப் பற்றியும் சொல்லாமல் விடுவதில்லை.

நம் நாட்டில் வாத்தியங்களுக்கு ஊர்ப் பெயர் உண்டு. தஞ்சாவூர் வீணை, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், மானாமதுரைக் கடம். முதல் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை; மானாமதுரைக்கு அந்தக் குறியீடு அதன் மண்பாண்டங்களுக்குக் கிடைத்தது. மரத்துக்கும் மண்ணுக்கும் ஊர் இருக்கிறது. இரும்புக்கு அப்படி ஒரு பெயர் அந்த வரிசையில் சேரவில்லை. நம் பக்கத்திலேயே ஆரோவில்லில் ஸ்வரம் என்ற பட்டறை, சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்களைக் கொண்டு உலோகத்திலும் மரத்திலும் ஒலிக்கருவிகள் செய்து வெளிநாடு வரை அனுப்புகிறது. இந்த மண்ணின் கைகளுக்கு இது வராத வேலை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கலிம்பா எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இதில் கமகம் வராது. தோடியும் பைரவியும் இதற்கான ராகங்கள் அல்ல. ஆனால் சுரம் பழகும் பிள்ளைக்கு இதைவிட எளிய கருவி குறைவு. கடையில் வாங்கும் கலிம்பாவின் சுரங்கள் நம் சங்கராபரணம். அதில் ரிஷபத்தையும் தைவதத்தையும் மட்டும் அரைச் சுரம் இறக்கினால், சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளை வந்துவிடும். ஐம்பது மில்லிமீட்டர் நாக்கை ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் அரைச் சுரம் இறங்கும். எதையும் இறக்காமல், அந்தச் சங்கராபரணத்திலிருந்து மத்யமத்தையும் நிஷாதத்தையும் கழற்றி வைத்தால் மோகனம், எந்த நாக்கைத் தொட்டாலும் தாலாட்டு மாதிரி இருக்கும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. கருவி இசைக்கு மேடை இருக்கிறது, கருவி வாங்கக் காசில்லாத பிள்ளை கீழே உட்கார்ந்து கைதட்டுகிறது. ஐந்து நாக்கும் ஒரு பலகையும் அந்தப் பிள்ளையை மேடை ஏற்றும்.

கலிம்பா ஒலியோடு ஒரு சின்ன இரைச்சல் சேர்ந்து வந்தால் குறை என்று நினைக்க வேண்டாம். ஷோனா மக்கள் வேண்டுமென்றே பலகையில் சோடா மூடியும் கிளிஞ்சலும் கட்டி அதிர விடுகிறார்கள். நாம் தம்புராவின் குதிரையில் ஜீவா என்ற நூலை வைத்து ரீங்காரம் எழுப்புவதும் அந்த ரசனைதான். ஆனால் நாக்கு குதிரையில் சரியாக அமராமல் வருகிற கரகரப்பு வேறு. அது பழுது. குதிரைக்குக் கடினமான இரும்புக் கம்பியே வேண்டும். மரத்தின் மேல் நேராகக் கிடந்தால் மரமே ஒலியைத் தின்றுவிடும். குதிரைக்குப் பின்னால் நாக்குகளை அமுக்கிப் பிடிக்கும் குறுக்குக் கம்பி நன்றாக இறுகியிருக்க வேண்டும். அது தளர்ந்தால் உலகத்திலேயே சிறந்த எஃகும் ஊமையாகிவிடும்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். அறுவடை முடிந்து அரிவாள் வேலை குறைகிற மாசி, பங்குனியில் ஒரு அரை நாள் உலையை இதற்குக் கொடுங்கள். லாரிப் பட்டையில் ஐந்து நாக்கு போதும். ஐந்து மில்லிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் கனம், பத்து சென்டிமீட்டர் நீளம். குதிரைக்குப் பின்னால் செருகுவதற்கும் சேர்த்துத்தான் இந்த நீளம். விரல் படும் நுனியை மட்டும் கொஞ்சம் அகலமாகத் தட்டி, ஓரத்தை அரத்தால் உருட்டிவிடுங்கள், பிள்ளைகள் விரல் கிழியக் கூடாது. நீலத் தோய்ச்சல். சுருதி சேர்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். கைபேசியில் சுருதி காட்டும் செயலி இருக்கிறது, உங்கள் பட்டறையிலேயே வைத்துச் சேர்த்துக் காட்டுகிறேன்.

கூலியை நீங்கள் சொல்லுங்கள். இதைத் தொண்டாகக் கேட்கவில்லை. முதல் முறை முறிந்தாலும் வளைந்தாலும் அந்த அரை நாளுக்கும் கரிக்கும் கூலி உண்டு. சரியாக வந்தால் நாக்கின் மேல் உங்கள் பட்டறையின் முத்திரையைக் குத்துங்கள். அரிவாளில் குத்துவீர்களே, அதே முத்திரை. யார் அடித்த நாக்கு என்பது வாசிக்கிற பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

பலகையும் குதிரையும் தயாராக இருக்கின்றன. எடுத்துக்கொண்டு நானே உங்கள் பட்டறைக்கு வருகிறேன். உலை ஓய்வாக இருக்கும் நாளை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
சீயமங்கலத்திலிருந்து
பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லித்தரும் உங்கள் ஊர்க்காரன்